லாங் பிராஞ்ச் துப்பாக்கிக்குப் புது மரம்

பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கான நகல் பாகங்களை "பார்வைக்கு மட்டும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மரக்கட்டைகள், அவற்றைக் குழலோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள், தோளில் மாட்டும் வார், இப்படி. சுடுகிற இயந்திரத்தை இவை எதுவும் செய்யாது என்பது அந்தச் சொல்லின் உறுதிமொழி. பல துப்பாக்கிகளுக்கு அது சரியாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், கனடியப் படைகள் சுமந்த லீ-என்ஃபீல்டு எண் 4 என்ற துப்பாக்கிக்குச் சரிவராது. இதில் மரம்தான் குழலைத் தாங்குகிறது. சுடும்போது வரும் உதையை வாங்குவதும் மரம். விசையை இழுத்தால் அது எந்த இடத்தில் விடும் என்பதுகூடப் பாதி மரத்தின் கையில் இருக்கிறது. முகம் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு கட்டையை மாற்றினால் துப்பாக்கியின் குணமே மாறிப்போகும். அதனால் இந்த வேலையைத் தொடுகிறவர்கள் அழகு வேலை என்று நினைக்காமல் தொட வேண்டும் என்பது என் எண்ணம்.

என்னிடம் இருப்பது லாங் பிராஞ்சில் 1943-ல் செய்த எண் 4 மார்க் 1* (எண் ரகத்தையும், மார்க் அதன் பதிப்பையும் குறிக்கும்). மிசிசாகாவில் நான் குடியிருக்கும் இடத்திலிருந்து அது பிறந்த இடம் பக்கம்தான். ஒன்டாரியோ ஏரிக்கரையில், லேக்வியூ பகுதியில், 1940-ல் கனடா அரசு ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட் என்ற பெயரில் ஓர் ஆயுதத் தொழிற்சாலையைத் தொடங்கியது; அதைத்தான் லாங் பிராஞ்ச் என்கிறார்கள். அதற்கு முன் அந்த மண்ணில்தான் கனடாவின் முதல் விமானத் தளம் 1915-ல் இயங்கியது. முதல் துப்பாக்கிகள் 1941-ல் வெளிவந்தன. போர் முடிவதற்குள் ஒன்பது லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆண்கள் கடல் கடந்து போயிருந்த காலம். தொழிற்சாலையில் இன்று மிஞ்சியிருப்பது பரிசோதனைக் கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும்தான். கட்டடத்தைக் கலை மையமாக மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அங்கே காய்கறிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம், என் அலமாரியில் இருக்கும் பொருளை யாரோ ஒரு பெண் இங்கே நின்று அளந்து பார்த்து, சரி என்று முத்திரை குத்தியிருப்பார் என்ற நினைப்பு வரும்.

இந்தத் துப்பாக்கியின் மூலத்துக்கும் இந்த ஊர்ப்பக்கம் ஒரு தொடர்பு உண்டு. லீ-என்ஃபீல்டு என்ற பெயரில் உள்ள லீ, ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் 1831-ல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஒன்டாரியோவின் கால்ட் ஊருக்கு வந்தவர். அந்த ஊர் இன்றைய கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஒரு பகுதி. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும் அடியிலே மாட்டும் தோட்டாப் பெட்டியும் அவருடைய வடிவமைப்பு. என்ஃபீல்டு, இங்கிலாந்தின் அரசுத் தொழிற்சாலை இருந்த ஊர்.

போர் முடிந்ததும் இந்தத் துப்பாக்கிகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. விலை மலிவு. இது சுடும் 303 தோட்டா கனடாவின் மான்களுக்கும் மூஸ் என்ற பெரிய மானுக்கும் தாராளமாகப் போதும். வாங்கிய விவசாயிக்கும் மரவெட்டிக்கும் வேண்டியிருந்தது வேட்டைக்கான கருவி, போர்க்கருவி இல்லை. நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைப் பனியில் நாள் முழுக்கச் சுமப்பது கஷ்டம். அதனால் குழலின் அடியில் ஓடும் முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள், குழலின் மேலே இருந்த கைக்காப்புக் கட்டைகளைக் கழற்றி எறிந்தார்கள், முன்பட்டைகளைத் தூக்கிப் போட்டார்கள். சிலர் குழலையே குட்டையாக்கினார்கள். இப்படி மாற்றியவற்றை ஸ்போர்ட்டர் என்பார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லட்சக்கணக்கில் இது நடந்தது. பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களே இதைத் தொழிலாகச் செய்து விற்றன.

அறுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும், கையில் இருந்தது கொஞ்சம் பணம். அவர்கள் செய்தது நியாயம். ஒரு குடும்பத்தில் தாத்தா அறுத்து, அப்பா சுட்டு, மகன் கைக்கு வந்த ஸ்போர்ட்டர் என்றால் அதை அப்படியே விடுவதே மரியாதை. பார்க்கர்-ஹேல் மாற்றிய துப்பாக்கியைத் திரும்ப ராணுவ வடிவத்துக்குக் கொண்டுபோவதும் தவறு, ஏனென்றால் அதுவும் இப்போது ஒரு தனி ரகம். யாருடையது என்று தெரியாமல், மரம் மட்டும் அறுபட்டு, இரும்பு முழுதாக இருக்கும் துப்பாக்கிதான் திருப்பிக் கட்டத் தகுந்தது. என்னுடையது அப்படிப்பட்டது. கண்காட்சி ஒன்றில் மேசை ஓரத்தில், எவரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தது.

வாங்குமுன் பார்க்க வேண்டியது குழலைத்தான். எண் 4-இன் குழல் நீளம் 640 மில்லிமீட்டர். அளவு நாடாவை எடுத்து நீட்டினால் தெரிந்துவிடும். அப்புறம் குழல் முனையில் பயனெட் என்ற கத்தியை மாட்டுவதற்கான புடைப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த ரகத்தில் அவை குழலோடு சேர்ந்தே கடைந்தவை. அரத்தால் ராவி எடுத்திருந்தால் எந்த நகல் பாகமும் அதைத் திருப்பித் தராது. போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் போல்ட் ஓடும் இரும்பு உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும். இது சேகரிப்பாளரின் ஆசைக்காக மட்டும் சொல்வதில்லை. தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி சரியாக அமைவதற்காக, எண் 4-க்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவு போல்ட் தலைகளைச் செய்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொருந்தும் தலையைத் தேர்ந்து போட்டார்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகியிருந்தால் ஆயுதப் பழுதுநர் அளவுகோல் வைத்துப் பார்க்கும் வரை அதைச் சுடக்கூடாது. மரத்தைப் பற்றி யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மரத்துக்கு இரண்டு வழி. முழு முன்கட்டையையே புதிதாக வாங்கிப் போடலாம். அல்லது அறுபட்ட பழைய கட்டையின் முனையில் காணாமல்போன துண்டை மட்டும் ஒட்டலாம். இணையத்தில் பெரும்பாலோர் முதல் வழியைச் சொல்வார்கள், ஏனென்றால் பார்வைக்கு உடனே நிறைவாக இருக்கும். நான் இரண்டாவது வழியின் பக்கம். காரணம் கட்டையின் பின்முனையில் இருக்கிறது. துப்பாக்கி உதைக்கும்போது இரும்பு உடல் பின்னால் தள்ளும் வேகத்தை முன்கட்டையின் பின்பகுதியில் உள்ள இரண்டு சின்ன முகங்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இரும்பைத் தொட வேண்டும். ஒன்று தொட்டு மற்றது தொடாமல் இருந்தால், சுடச் சுடக் கட்டை பின்னாலிருந்து பிளக்கத் தொடங்கும். 1943-ல் தொழிற்சாலையில் ஒருவர் அந்த முகங்களை இந்த உடலுக்கென்றே பொருத்தியிருக்கிறார். எண்பது வருடம் உதை வாங்கி அவை இரும்போடு பழகிவிட்டன. முனை போய்விட்டது என்பதற்காக அந்தப் பொருத்தத்தைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

ஒட்டும் துண்டை நகல் கட்டையிலிருந்தே வெட்டி எடுக்கலாம். பொருத்து வரும் இடம் ஓர் இரும்புப் பட்டையின் அடியில் மறையும்படி வைத்தால் வெளியே கோடு தெரியாது. மரம் எந்த மரம் என்பது முக்கியம். லாங் பிராஞ்சில் வால்நட்டும் போட்டார்கள், பர்ச்சும் போட்டார்கள். பர்ச் வெளிறிய மரம், நார் அதிகம் தெரியாது, எண்ணெயை வால்நட் மாதிரி குடிக்காது. இன்று விற்கும் நகல் கட்டைகள் அநேகமாக வால்நட். வால்நட் துண்டைப் பர்ச் கட்டையில் ஒட்டிவிட்டுச் சாயம் பூசிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் வெயிலில் வைத்த உடனே காட்டிக்கொடுக்கும். மரம் வாங்கும் முன் பழைய கட்டையின் உள்பக்கத்தை, எண்ணெயும் அழுக்கும் படாத இடத்தில், ஒரு சுரண்டு சுரண்டிப் பார்ப்பது நல்லது.

உள்பக்க வேலைதான் நேரம் தின்னும். குழல் படுக்கும் பள்ளத்தில் குழல் எங்கே தொட வேண்டும், எங்கே தொடக்கூடாது என்பதற்கு இந்தத் துப்பாக்கியில் திட்டமான விதி இருக்கிறது. பின்னால், உடலோடு சேரும் தடித்த பகுதியில் நன்றாக உட்கார வேண்டும். நடுவில் எங்கேயும் உரசக்கூடாது. முனையில் கட்டை குழலைக் கீழிருந்து மேலாகச் சில பவுண்டு எடைக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தாங்கல் குறைந்தால் குறி சிதறும், ஒரு பக்கமாகத் தாங்கினால் குறி பக்கவாட்டில் விலகும். குழலில் மெல்லிய நீலச் சாயம் பூசி, கட்டையில் வைத்து எடுத்தால் தொட்ட இடமெல்லாம் நீலமாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி பூசி, மறுபடி வைத்து, மறுபடி எடுக்க வேண்டும். இழைப்புளிக்கு இங்கே வேலையே இல்லை. வளைந்த சுரண்டியும் உப்புத்தாளும் பொறுமையும் போதும். மேலே வரும் கைக்காப்புக் கட்டைகளும் குழலை அழுத்தக்கூடாது. நகல் கட்டைகளைக் கொஞ்சம் பெரிதாகவே செய்து அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் இழைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம், அது சரியான எண்ணமும்கூட. ஆனால் விளம்பரத்தில் "நேராக மாட்டலாம்" என்று போட்டிருப்பதை நம்பி, பட்டைகளைத் திருகி இறுக்கிக் கட்டையைக் குழலோடு வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடுகிறார்கள் பலர். அப்படிச் செய்த துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வைக்கலாம். குறி பார்க்க முடியாது.

விசை விஷயம் இதைவிட முக்கியம். மார்க் 1*-இல் விசை தொங்குவது விசைக்காப்பு வளைவில். அந்த வளைவு, மரத்தை நடுவில் வைத்து, உடலோடு திருகப்படுகிறது. அதாவது விசைக்கும் அது பிடித்து வைத்திருக்கும் கொக்கிக்கும் இடையே உள்ள தூரத்தை மரத்தின் கனம் தீர்மானிக்கிறது. மரம் காய்ந்து சுருங்கினாலோ, புது மரம் ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தாலோ விசையின் இழுப்பு மாறும். முதலில் லேசாக ஓர் இழுப்பு, பிறகு கனமாக ஒன்று என இரண்டு கட்டமாக வரவேண்டியது ஒரே கட்டமாக ஆகிவிடும். மோசமான நிலையில் கொக்கி முழுதாகப் பிடிக்காமல், தட்டினாலே விட்டுவிடும் அளவுக்குப் போகும். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1949-ல் வந்த எண் 4 மார்க் 2-இல் விசையை நேராக இரும்பு உடலிலேயே தொங்கவிட்டார்கள், மரத்தை இதிலிருந்து விடுவித்தார்கள். முன்கட்டையைத் தொட்ட எந்த மார்க் 1*-ஐயும், தோட்டா இல்லாமல் விசையையும் பூட்டையும் ஒரு பழுதுநரிடம் கொடுத்துப் பார்க்காமல் சுடுகளத்துக்கு எடுத்துப்போகக் கூடாது. நான் எடுத்துப்போகவில்லை. என் ஊர்ப் பழுதுநர் விசையை மட்டும் சோதித்துக் கொடுக்க வாங்கிய கூலி, நகல் கைக்காப்பு ஒன்றின் விலையைவிடக் குறைவு.

இந்தியாவிலிருந்து வந்திருந்த சித்தப்பா இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுதப்படைப் போலீசில் இருந்து ஓய்வுபெற்றவர். கட்டையெல்லாம் பூட்டி முடித்ததும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம 303 இல்லையேப்பா. நம்மளோடதுக்கு மூக்கு மொட்டையா இருக்குமே?"

அவர் சொன்னது சரி. இந்தியப் போலீஸ் தோளில் பல ஆண்டுகள் தொங்கியது பெரும்பாலும் லீ-என்ஃபீல்டின் முந்தைய ரகமான எண் 1 மார்க் 3, கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அதில் முனைக்கவசம் குழலின் வாய் வரைக்கும் வந்து மூடிவிடும். எண் 4-இல் குழலின் முனை மரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இஷாப்பூரில் முன்கட்டை பிளக்காமல் இருக்க ஒரு குறுக்குத் திருகு போடுவார்கள். அது அந்தத் தொழிற்சாலையின் பெயரிலேயே உலகம் முழுக்க அறியப்படுகிறது. சித்தப்பாவுக்கு அதன் பெயர் தெரியாது, ஆனால் இடத்தைத் தொட்டுக் காட்டினார். மழைக்காலம் முடிந்ததும் எல்லாத் துப்பாக்கியையும் வரிசையில் வைத்துக் கட்டைக்கு எண்ணெய் போடச் சொல்வார்களாம். "இரும்புக்குப் போடுறத விட கட்டைக்குத்தான்ப்பா நேரம் ஆகும்" என்றார். போல்ட் கழற்றியிருக்கிறதா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் தோளில் வைத்துப் பார்த்தார்.

எண்ணெய் என்றால் ஆளி விதை எண்ணெய், காய்ச்சாதது. ராணுவத்தில் அதைத்தான் போட்டார்கள். உள்ளங்கையில் சில துளி விட்டு, கை சூடேறும் வரை தேய்க்க வேண்டும். காய நாளாகும். கடையில் கிடைக்கும் பளபளப்பு வார்னிஷ் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் அது கட்டையைச் சோபா கால் மாதிரி ஆக்கிவிடும். ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும்.

சிறு பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பட்டைகள், வார்க் கொக்கிகள், கித்தான் வார் எல்லாமே நகல் கிடைக்கின்றன, பொருந்துகின்றன. 300, 600 கெஜம் என்று இரண்டே நிலை உள்ள மடக்குப் பின்குறியும் எளிதாகக் கிடைக்கும். தோள்கட்டையை மாற்றுகிறவர்கள் மட்டும் அதன் நீளத்தைப் பார்க்க வேண்டும். ராணுவம் நான்கு நீளத்தில் செய்தது, ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து ஒன்று குத்தியிருக்கும். நகல்கள் பெரும்பாலும் நடு அளவு. நீளக்கை உள்ளவருக்கு அது கன்னத்தில் இடிக்கும்.

நகல் பாகங்களை வைத்துச் செய்யும் சில வேலைகள் எனக்கு ஒப்புவதில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். எண் 5 என்ற குட்டைத் துப்பாக்கி 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் மட்டும் செய்யப்பட்டது. காட்டுப் போருக்கான கார்பைன் என்று பெயர் வாங்கியது. அதன் குழல் முனையில் புனல் மாதிரி ஒரு சுடர்மறைப்பு இருக்கும். அந்தப் புனலின் நகல் எங்கும் கிடைக்கிறது. நல்ல எண் 4-ஐ எடுத்துக் குழலை அறுத்து, நகல் புனலை மாட்டி, "ஜங்கிள் கார்பைன்" என்று விற்பது பல வருடமாக நடக்கிறது. உண்மையான எண் 5-இல் எடை குறைக்க இரும்பு உடலிலும் குழலின் தடித்த பகுதியிலும் கடைந்து எடுத்திருப்பார்கள். கைக்காப்பைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனால் கழற்றிப் பார்க்காமல் வாங்குகிறவர்களே அதிகம். இன்னொன்று, குறிபார்த்துச் சுடுபவர்களுக்கான டி ரகம். லண்டனின் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனம் தேர்ந்தெடுத்த எண் 4-களில் தொலைநோக்கி பொருத்திக் கொடுத்தது. இன்று கன்னக்கட்டை, தொலைநோக்கி, அதைத் தாங்கும் அமைப்பு எல்லாமே நகலாகக் கிடைக்கின்றன. அதைப் பொருத்த இரும்பு உடலில் துளை போட வேண்டும். துளை போட்ட பிறகு அது திரும்பிவராத வேலை. முழுதாக இருக்கும் ஒரு போர்க்காலத் துப்பாக்கியின் உடலில் துளை போட எந்த ஆசையும் போதுமான காரணம் இல்லை.

மரம் அப்படியில்லை, கழற்றலாம். அதனால்தான் மரத்தோடு நின்றுகொள்கிறேன். நான் ஒட்டிய முனையின் உள்பக்கத்தில், குழல் படுக்கும் பள்ளத்தில், "ரெப்ளிகா" என்றும் பொருத்திய ஆண்டையும் சூட்டுக்கோலால் எழுதியிருக்கிறேன். கைக்காப்பு இரண்டின் உள்பக்கத்திலும் அப்படியே. வெளியே கனடா அரசின் முத்திரையான, சி எழுத்துக்குள் அம்பு போட்ட குறியை நகல் மரத்தில் குத்தித் தருகிறோம் என்று ஒரு விற்பனையாளர் கேட்டார். வேண்டாம் என்று எழுதினேன். அந்த முத்திரை, பரிசோதித்து ஏற்றுக்கொண்டோம் என்று அரசு சொன்னதற்கான அடையாளம். இந்த மரத்தை எந்த அரசும் பரிசோதிக்கவில்லை. நாளைக்கு இது வேறொருவர் கைக்குப் போகும்போது அவர் கட்டையைக் கழற்றிப் பார்த்தால் எது பழையது, எது புதியது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

கனடாவின் வடக்கே ஆர்க்டிக் கிராமங்களில் கனடியன் ரேஞ்சர்ஸ் என்ற தொண்டர் படை இருக்கிறது. 1947-ல் தொடங்கியது. அவர்கள் எண் 4-ஐ எழுபது ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தினார்கள். 2018-இலிருந்து படிப்படியாக சி19 என்ற புதிய துப்பாக்கிக்கு மாறினார்கள். கடுங்குளிரில் உறையாத எளிய போல்ட்தான் அத்தனை காலம் இதை வைத்திருந்ததற்குக் காரணம். துருவக் கரடி எதிரே வரும்போது துப்பாக்கி வேலை செய்தே ஆக வேண்டும்.

என் துப்பாக்கியில் இன்னும் பாக்கி இருப்பது வார் ஒன்றுதான். இப்போது மாட்டியிருக்கும் நகல் வாரின் பச்சை நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. போர்க்காலக் கனடிய வார் ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தால் மாற்றிவிடுவேன். சுடுகளத்தில் நூறு கெஜத்தில் சுட்டுப் பார்த்தபோது குறி சற்று இடப்பக்கம் விழுந்தது. முனையில் வலப்பக்கச் சுவர் குழலைத் தொடுகிறது என்று நீலச் சாயம் சொல்கிறது. பனி விடுவதற்குள் அதை ஒருமுறை சுரண்டிப் பார்க்க வேண்டும்.